மனத்தில் சமாதானம் இல்லை

கீழ்வானம் வெளுத்து, ஆலைகளின் நெடும்புகைக்கூண்டுகள் ஒவ்வொன்றாய் இருளினின்று தலைதூக்கி, நெருங்கி நின்ற தொழிலாளர் குடியிருப்புகளின்மேல் கரும்புகையைப் பரப்ப, குழாயடியில் குடங்கள் மோதும் ஒலியும் சாலையில் மிதிவண்டிகளின் மணியொலியும் கலந்தெழுந்த அவ்வைகறையில், கற்றறிந்த அன்பரே, அந்நகரின் சாய ஆலை மட்டும் வாய்மூடிக் கிடந்தது. அதன் கொதிகலன் வெடித்து ஓர் உயிரைக் குடித்திருந்தது.

மிகுந்த நீராவியைத் தானே வெளிவிடும் காப்புத் திறப்பு, தொழிலாளர் வாய்ச்சொல்லில் வால்வு, அடிக்கடி சீறி வேலையைத் தடுக்கிறதென்று சினந்த மேற்பார்வையாளன், அதைக் கம்பியால் இறுகக் கட்டச் சொன்னான். கொதிகலன் காப்பவன் கட்டினான். அடுத்த வேலைமுறைக்கு வந்த தன் மைத்துனனிடம் அதைச் சொல்லாமலே வீடு திரும்பினான். வெடிப்பில் சாயக்காரன் ஒருவன் மாண்டான். கம்பியோ சிதறிய இரும்போடு இரும்பாய்ப் போயிற்று. பழி முழுவதும் மைத்துனன் தலையில் விழுந்தது. அன்று காலை நீதிமன்றத்தில் அவனுக்குத் தீர்ப்பு. நடந்ததைக் கணவன் வாயால் அறிந்த காப்பவன் மனைவிக்கு அந்த மைத்துனன் உடன்பிறந்த தம்பி. உண்மை வெளிவந்தால் கணவனுக்குச் சிறை, வாராவிடில் தம்பிக்குச் சிறை என்னும் இரண்டுக்கும் நடுவே அவள் சோறு தண்ணீர் இறங்காமல் தவித்தாள்.

அவர்கள் தொழுத சிறிய கிறித்தவச் சபையில் ஒரு சொல் வழங்கியது. எம்முடிவாயினும் மண்டியிட்டு வேண்டுவர். உள்ளம் அமைந்தால் இறைவன் இசைந்தான் என்பர். அமையாவிடில் 'மனத்தில் சமாதானம் இல்லை' என்று விலகுவர். நல்ல வழக்கந்தான். ஆயினும் பிடிக்காத மணமகனைத் தட்டிக்கழிக்கவும், போக மனமில்லாத விருந்துக்குச் சாக்குச் சொல்லவும் அச்சொல் கைகொடுத்ததை நாம் கண்டும் காணாதவர்போல் இருந்துவிடலாம். ஆண்டவர் பேரைச் சொன்னால் மறுபேச்சு ஏது? காப்பவனும் நாள்தோறும் வேண்டினான். சிறையை நினைத்ததுமே அச்சம் மூண்டது. அந்த அச்சத்தையே இறைவன் விடையென்று கொண்டான்.

"இன்னைக்கும் ஜெபம் பண்ணிட்டேன். சொல்லணும்னு நெனச்சாலே மனசுல சமாதானம் இல்ல" என்றான்.

அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் நூலைப் பல்லால் கடித்தறுத்தாள்.

"உங்கள ஜெயிலுக்குப் போங்கன்னு என் வாயால சொல்ல முடியலங்க. என் தம்பி போகட்டும்னும் சொல்ல முடியல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பயமா இருக்குன்னா பயமா இருக்குன்னு சொல்லுங்க. பயத்துக்கு ஆண்டவர் பேர வைக்காதீங்க."

அவன் சுவரைப் பார்த்து மண்டியிட்டு, "ஆண்டவரே, பயமா இருக்கு. எனக்கு உம்ம விட்டா யாருமில்ல" என்று மட்டும் சொன்னான். அப்போது அவன் நெஞ்சில் அமைதி பொங்கியதென்று எழுத எனக்கும் ஆசைதான். பொங்கவில்லை. அச்சத்தோடே சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டான்.

மன்றத்தின் தாழ்வாரத்தில் காவலர் நடுவே நின்ற மைத்துனன் அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தான்.

"அத்தான், வந்துட்டீங்களா? அக்காவ அழ வேணாம்னு சொல்லுங்க. நான்தான் வால்வ ஒரு தடவ பாத்திருக்கணும். தப்பு என் மேலதான்."

குற்றமற்றவன் குற்றத்தைத் தன் தோளில் தானே ஏற்றிக்கொண்டு நிற்பதைக் கண்டு காப்பவன் தலைகுனிந்தவாறே உள்ளே சென்றான். அங்கே மேற்பார்வையாளன் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தான். தீர்ப்பைச் சொல்ல நடுவர் வாய் திறக்குமுன், காப்பவன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். இறுதியாய் ஒருமுறை தன் உள்ளத்தைத் தடவிப் பார்த்தான். அச்சத்தைத் தவிர அங்கே வேறொன்றும் அகப்படவில்லை. இனி அதனிடம் வழி கேட்பதில்லை என்று துணிந்தான்.

"வால்வக் கம்பி போட்டுக் கட்டினது நான்தாங்க, ஐயா. கட்டச் சொன்னவர் முன்னாடி உக்காந்திருக்காரு. இவனுக்கு ஒண்ணும் தெரியாது."

மேற்பார்வையாளன் தானொன்றும் அறியேனென்று கைவிரித்தான். ஆணையிட்டதற்குச் சான்றில்லை, கட்டியதற்கோ கட்டியவன் வாய்மொழியே சான்றாயிற்று.

அன்பரே, இறைவனை நம்பினோர்க்கு நடுக்கம் நீங்குமென்றும், நடந்ததெல்லாம் நலமாய் முடியுமென்றும் சொல்ல என்னால் இயலவில்லை. நடுங்கிக்கொண்டே ஒருவன் அவனை நம்பினான் என்பதே யான் அறிந்தது. ஒரு வாயில் வழியே தம்பி வெளியே வந்தான்; மறுவாயில் வழியே கணவன் காவலர் நடுவே உள்ளே போனான். மன்றத்துக்கு ஓடிவந்து இடையில் நின்ற மனைவி எவர் பக்கம் ஓடுவதென்று அறியாதவளாய், வெறுங்கைகளை மேலே ஏந்தி அங்கேயே நின்றாள்.