கியர் குமிழின் பள்ளம்

அந்தப் பழைய ஃபியட் கார் வெள்ளையா, வெளிர்நீலமா என்று கேட்டால் எனக்கு நிச்சயமில்லை. அதன் கியர் குமிழில் இருந்த பள்ளம் மட்டும் நினைவிருக்கிறது.

பழைய கார்களின் உட்புறத்துக்கு, கடையில் கிடைக்காத பாகங்களை ரெசின் என்ற திரவப் பிளாஸ்டிக்கில் வார்த்துக் கொடுப்பது என் தொழில். கும்பகோணத்தில் பட்டறை. தேய்ந்த இடத்தைப் பட்டி பூசி நிரப்பிய பிறகுதான் சிலிக்கோன் ரப்பரில் அச்செடுப்பேன். அன்றும் பட்டி குழைத்துக்கொண்டிருந்தபோது காரின் சொந்தக்காரர் பிரகதீஸ்வரி அம்மா வந்தார். கணவரை இழந்தவர்.

"என்ன தம்பி பண்றீங்க?"

"பள்ளத்தை அடைக்கிறேம்மா. விக்கப்போறோம், புதுசு மாதிரி இருக்கணும்னு சிங்கப்பூர்லேருந்து உங்க பையன் சொன்னாரு."

"சொல்லுவான். அவனா இத்தன வருஷம் பக்கத்துல உக்காந்து போனான்? அது அவரு கட்டைவிரல் தேஞ்ச இடம். அடைக்காதீங்க."

குமிழ் இற்றுப்போயிருந்தது. ஒருமுறைதான் அச்செடுக்க முடியும். பள்ளத்தோடே எடுத்தேன், பிரிக்கும்போது குமிழ் உடைந்துவிட்டது. மழைக்கால ஈரத்தில் முதல் வார்ப்பு நுரைத்துப்போனது. இரண்டாவது சரியாக வந்தது.

அம்மா அதன் பள்ளத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தார். விரலைச் சுற்றி இடம் மிச்சமிருந்தது.

அவர் அதை எடுத்துக்கொண்டார். காருக்கு, அதே அச்சில் இன்னொன்றை வார்த்து, பள்ளத்தை நிரப்பிப் பொருத்தினேன்.

காரைச் சென்னைக்காரர் ஒருவர் வாங்கிப் போனார். மகன் சிங்கப்பூரிலேயே இருக்கிறார். அம்மா போன தை மாதம் இறந்துபோனார். அந்தக் குமிழ் யாரிடம் இருக்கிறதென்று தெரியவில்லை. நான் அதே பட்டறையில் தனியாக வேலை செய்கிறேன்.