சொந்த விருப்பம்

...இந்தக் கட்டைப் பிரித்திருக்கவே வேண்டாம், இரண்டு வருடமாக பிரிண்டருக்கு அடியில் சிவனே என்று கிடந்தது, பிரிண்டரின் அடிக்கால் ஒன்று உடைந்தது, குட்டை மேசையில் வெறுமனே வைத்தால் ஆடும், ஆடினால் தாள் சிக்கும், அதற்கென்றே அளவெடுத்த மாதிரி சணல் கயிறு கட்டி ஒரு கட்டு வந்தது, உயர்கல்விக் கையேடு, இருபது பிரதி, அலமாரியில்தான் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று பிரிக்காமலே செருகிவிட்டேன்... இன்று மத்தியானம் அந்த அலமாரிக் கையேட்டின் நடுப்பக்கங்கள் கழன்று விழுந்தன, சரி, புதிதாக ஒன்று எடுத்துக்கொள்வோம் என்று நானேதான் கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டினேன். நாற்பத்தாறாம் பக்கம், கட்டடக்கலை. கணிதம் கட்டாயம், இந்த ஆண்டு முதல். எந்த ஆண்டு முதல்? அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், போன வருடம் இல்லை, அதற்கு முந்தின வருடம், ஸ்கேல் பதினொன்றாம் வகுப்பில் உட்கார்ந்த அதே வருடம். அதற்கப்புறம் கல்வித்துறையில் அச்சடிப்பதையே நிறுத்திவிட்டார்கள், இனி எல்லாம் இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது, படித்தேன் என்று கையெழுத்துப் போட்டேன், படிக்கவில்லை. மணி மூன்றே கால். நான்கு மணிக்கு ஸ்கேல் வருகிறாள், அப்பாவைக் கூட்டிக்கொண்டு, கட்டடக்கலைக்கு விண்ணப்பம் போட, இன்றுதான் கடைசி நாள்.

ஸ்கேல் என்று பேர் வைத்தது அவள் வகுப்புப் பிள்ளைகள், ஒல்லியாக நெட்டையாக இருப்பாள், கையில் எப்போதும் ஒரு மர ஸ்கேல், அதனால் அந்தப் பெயர், அவளும் சிரித்துக்கொள்வாள். எனக்கும் ஒரு பெயர் உண்டு, எட்டாம் நம்பர், இந்த அறையின் எண், பிள்ளைகளுக்குள் ஒரு பேச்சு, எட்டாம் நம்பருக்குப் போனால் வாழ்க்கை செட்டாகிடும் என்று... நான் யார் வாழ்க்கையை செட் பண்ண? பதினெட்டு வருடம் வரலாறு எடுத்தவள், வரலாற்றுக்குப் பிள்ளைகள் சேராமல் போனபோது என்னை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள், வட்டமாக உட்காரவைத்து ஒரு பந்தைத் தூக்கிப்போட்டு விளையாடச் சொன்னார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள், திரும்பி வந்தால் வழிகாட்டி ஆசிரியை. யாருக்கு வழி? நானே இந்தப் பள்ளிக்கும் வீட்டுக்கும் தவிர வேறு எங்கும் போனதில்லை. ஆனால் ஒன்று கற்றுக்கொண்டேன், அதில் என்னை அடிக்க ஆளில்லை, பிள்ளைகளிடம் நாம் சொல்ல வேண்டியதை அவர்களே சொல்கிற மாதிரி பேசிவிட வேண்டும். நீ என்ன நினைக்கிற, நீயே சொல்லு, உன் மனசுல என்ன இருக்கு... அரை மணி நேரத்தில் என் மனதில் இருப்பது அவர்கள் வாயில் வந்துவிடும். சந்தோஷமாகப் போவார்கள்.

பாட மாற்றப் படிவம் என்று ஒன்று இருக்கிறது, அதில் காரணம் என்று ஒரு கட்டம். ஒவ்வொரு பிள்ளையும் யோசித்து யோசித்து எழுதினால் என்றைக்கு முடிப்பது? அதனால் ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு கட்டுப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, டீ குடித்துக்கொண்டே எல்லாவற்றிலும் எழுதிவிடுவேன், மாணவரின் சொந்த விருப்பம், மாணவரின் சொந்த விருப்பம், பிள்ளை வந்து கையெழுத்து மட்டும் போட்டால் போதும். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். இதில் என்ன தப்பு என்று இன்று மத்தியானம் வரைக்கும் தோன்றியதே இல்லை.

ஸ்கேல் முதன்முதலில் இங்கே வந்த நாள் ஞாபகம் இருக்கிறது, கணக்கில் நாற்பத்தொன்று, விடைத்தாளைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். அந்த வாரம்தான் தலைமையாசிரியர் எல்லோரையும் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்திருந்தார், வாசலில் தேர்ச்சி விகிதம் எழுதுகிற பலகை இருக்கிறதே, அதில் எண் இறங்கினால் மானம் போகிறது, தேறாத கேஸ்களை வேறு பாடத்துக்கு மாத்துங்க டீச்சர், உங்களுக்கு எதுக்கு அந்த ரூம்... தேறாத கேஸா அவள்? முதல் பரீட்சை, நாற்பத்தொன்று, ஒரு மூன்று மாதம் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருந்தால் எழுபது வாங்கியிருப்பாள், அது எனக்கு அப்போதே தெரியும். தெரியுமா? தெரியும். வணிகவியல் எடும்மா, அள்ளி அள்ளி மார்க் போடுவாங்க என்றேன். நான் வீடு வரையற படிப்புக்குப் போகணும் டீச்சர் என்றாள். அதுக்கென்ன, வரையறதுக்கு எதுக்கும்மா கணக்கு, கணக்குப் போடத்தான் இன்ஜினியர்னு ஒருத்தர் இருக்காரே, நீ கோடு போடு, அவர் கூட்டிக் கழிச்சுக்குவார் என்று சொன்னேன், என் ஜோக்குக்கு நானே சிரித்தேன், அவளும் மரியாதைக்குச் சிரித்தாள். கணக்கு இல்லாட்டி அப்புறம் சேர்க்க மாட்டேன்னு சொல்லிட மாட்டாங்களே டீச்சர்? அலமாரிக் கையேட்டை எடுத்துப் போட்டேன், இந்தா பாரு, எந்தப் பிரிவு படிச்சவங்களும் சேரலாம்னு புத்தகத்துலயே போட்டிருக்கு. அப்போது அவள் கேட்டாள்... கேட்டாளா? இது இந்த வருஷப் புத்தகமா டீச்சர் என்று. கேட்டாள் என்றுதான் நினைக்கிறேன். இல்லை, அட்டையைத் திருப்பி மட்டும் பார்த்தாளோ? கேட்டாள். ஆமாம்மா என்றேன். முழங்கால் உயரத்தில், பிரிண்டருக்கு அடியில் புதுப்புத்தகம் இருபது இருந்தது.

கதவு தட்டுகிற சத்தம், உயிரே போய்விட்டது, அவள் இல்லை, கடைசி வரிசைத் தோழிகள் இரண்டு பேர். நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாவே சேரணும் டீச்சர், எந்தப் படிப்புன்னாலும் பரவாயில்ல, ஒரே காலேஜா இருந்தா போதும். வேறு நாளாக இருந்தால் அரை மணி நேரம் பிடித்து வைத்துப் புத்தி சொல்லியிருப்பேன். இன்று, சேருங்கம்மா, நல்லா இருங்க என்று அனுப்பிவிட்டேன். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு போனார்கள். எந்தப் படிப்பென்றாலும் பரவாயில்லை என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்... என்னைவிட அவர்கள் நல்ல வழிகாட்டிகள். போன் அடித்தது, வீட்டுக்காரர், பாத்ரூம் பல்பு போயிடுச்சு, வர்றப்ப ஒண்ணு வாங்கிட்டு வா, போன தடவை மாதிரி மஞ்சள் வாங்கிடாத. சரி என்றேன். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? ஒண்ணுமில்ல, தொண்டை.

அதே நாற்பத்தாறாம் பக்கத்தில் அடியில் நான்கு வரி இருக்கிறது, பொடி எழுத்தில். பள்ளி தந்த தவறான வழிகாட்டுதலால் மாணவர் கணிதத்தைக் கைவிட்டிருந்தால், அதை ஒப்புக்கொண்டு பள்ளி கடிதம் தர வேண்டும், மாணவர் ஓராண்டு தனியாகக் கணிதம் படித்துத் தேறினால் இடம் உண்டு, விண்ணப்பத்தோடு கடிதமும் கடைசி நாள் ஐந்து மணிக்குள் வந்து சேர வேண்டும். இணையத்திலும் போய்ப் பார்த்தேன், அதே வரிகள், ஒன்றும் மாறவில்லை. தலைமையாசிரியரிடம் ஓடினேன். அவர் அவளுடைய பாட மாற்றப் படிவத்தைத்தான் முதலில் கேட்டார். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். சொந்த விருப்பம்னு போட்டிருக்கு, பொண்ணு கையெழுத்து இருக்கு, அப்புறம் என்ன டீச்சர், வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதீங்க. கடிதம் குடுத்தாத்தான் சார் அவளுக்கு வழி என்றேன். அப்ப உங்க பேர்ல எழுதுங்க, என் தப்புன்னு எழுதுங்க, நான் சீல் மட்டும் வைக்கிறேன், நாளைக்கு மேலிடத்துலேர்ந்து விசாரிச்சா நீங்கதான் பதில் சொல்லணும். நல்ல மனிதர், மறுக்கவில்லை. மறுத்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

வந்து உட்கார்ந்து அடித்தேன், ஆறு வரி. மேற்படி மாணவி என் தவறான ஆலோசனையின் பேரில் கணிதத்தை... திரையில் இருக்கிறது. அச்சுக்குக் கொடுத்தேன், கட்டு இல்லாமல் பிரிண்டர் ஆடி, தாளைப் பாதியில் கடித்துக்கொண்டு நின்றது. இழுத்ததில் கிழிந்தது. இன்னொரு தாள் வைத்து மறுபடி அழுத்த எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிடம். அழுத்தவில்லை. முதலில் அவர்கள் வரட்டும், பேசிவிட்டு... என்ன பேசிவிட்டு? இருபத்தாறு வருட வேலையில் என் பேரில் ஒரு கறுப்புப் புள்ளி இல்லை, ஆசிரியர் அறையில் அந்த வேதியியல் டீச்சர் சிரிக்கும் சிரிப்பு இப்போதே காதில் கேட்கிறது, வாசலில் பெற்றோர்கள், எங்க பிள்ளைக்கும் இப்படித்தான் பண்ணுனீங்களா... என் அப்பா ஞாபகம் வருகிறது, எதற்கு இப்போது அவர்? என் விண்ணப்பத்தை அவர்தான் நிரப்பினார், எனக்குச் செடி கொடி பற்றிப் படிக்க ஆசை, அவர் வரலாறு என்று எழுதிவிட்டுப் பேனாவை நீட்டினார், சரியா என்றார், சரி என்றேன். பல வருடம் கழித்து ஒரு சண்டையில் கேட்டுவிட்டேன், ஏம்ப்பா அப்படிப் பண்ணுனீங்க என்று, நீதானே சரின்னு சொன்ன என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் படுக்கையில் விழுந்த பிறகும் அவரிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சரியாக நான்கு மணிக்கு வந்தார்கள். அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக், வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், உட்காருங்க என்றேன், வேண்டாங்க, உடுப்பெல்லாம் கிரீஸ், நாற்காலி வீணாப் போயிடும் என்று நின்றுகொண்டார். ஸ்கேல் சுருட்டி வைத்திருந்த தாள்களை விரித்து, மர ஸ்கேலை ஒரு ஓரத்தில் பாரமாக வைத்தாள். குடியிருந்த வாடகை வீடு ஒவ்வொன்றையும் வரைந்திருக்கிறாள், ஏழு வீடு, எதில் வெளிச்சம் வரவில்லை, எதில் கதவு திறந்தால் கட்டிலில் இடிக்கும் எல்லாம் குறித்து, எட்டாவதாக இன்னும் இல்லாத ஒரு வீடு, அவள் கட்டப்போகிற வீடு. அதுல எனக்கு ஒரு ரூம் இருக்குதாம் டீச்சர், ரெண்டு ஜன்னலாம், நாள் பூரா அந்த லிஃப்ட் குழிக்குள்ள கிடக்கறேன்ல, அதான் என்று அப்பா சிரித்தார். இப்போது சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு... கையேட்டைத் திறந்து நாற்பத்தாறாம் பக்கத்தை அவள் பக்கம் திருப்பினேன். அவள் விரலை வைத்துப் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். நான் வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன், அதற்குள் அவள் கண் மேசையில் இருந்த படிவத்துக்குப் போய்விட்டது. அதை யார் அங்கே எடுத்து வைத்தது? தலைமையாசிரியர் அறையிலிருந்து வந்ததும் நான்தான் வைத்தேன், அவள் பக்கம் பார்த்த மாதிரி, நேராக.

நான்தானே டீச்சர் கணக்கை விட்டேன், என்றாள். அப்பாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது, புரிந்ததும் மகளைப் பார்த்துப் பொரிந்தார், அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல, கஷ்டமா இருந்தாலும் விடாதன்னு, கையெழுத்துப் போட்டது நீதானே, சொந்த விருப்பமாமே, இப்ப நீட்டுறியே மூஞ்சியை. அவள் தலை நிமிரவில்லை. டீச்சர், உங்க பக்கத்துலேர்ந்து ஏதாச்சும் செய்ய முடியுங்களா? என்னைத்தான் கேட்டார். புத்தகம் மூடிக்கொள்ளாமல் இருக்கப் பக்கத்தின் அடியில் என் உள்ளங்கையை வைத்திருந்தேன், அந்த நான்கு வரியின் மேல்தான் இருந்தது என்று கையை எடுக்கும்போது பார்த்தேன், இல்லை, கையை எடுக்கவே இல்லை. வடிவமைப்புன்னு ஒரு படிப்பு இருக்கு, கணக்கு வேண்டாம், கடை அலங்காரம், விளம்பரப் பலகை, அதுலயும் வரையலாம்... அது என் குரல்தான், தொண்டையில் எந்தக் கோளாறும் இல்லாமல் கணீரென்று வந்தது. நீ என்னம்மா நினைக்கிற, நீயே சொல்லு. சரி டீச்சர், என்றாள். விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். பேனாவை நீட்டினேன்.

உங்களையும் அலைக்கழிச்சுட்டா, டீச்சர்கிட்ட மன்னிப்புக் கேளு, என்றார் அப்பா. சாரி டீச்சர், உங்களுக்கு வீண் சிரமம், என்றாள் அவள். பரவாயில்லம்மா, என்றேன். கன்னத்தைத் தட்டிக்கூடக் கொடுத்தேன்.

போய்விட்டார்கள். மணி நாலு இருபத்தெட்டு. திரையில் ஆறு வரி அப்படியே இருக்கிறது, தாள் வைத்தால் அரை நிமிடம், சீல் வைக்க இரண்டு நிமிடம், கட்டடக்கலைக்கு வேறு விண்ணப்பம் நிரப்ப ஐந்து நிமிடம், அனுப்ப ஒரு நிமிடம், ஐந்து மணிக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது... கீழ் இழுப்பறையில் அந்த வருடத்துப் படிவக் கட்டு மொத்தமும் இருக்கிறது, எல்லாம் என் கையெழுத்தில், அந்தப் பிள்ளைகளில் யாரும் வந்து கேட்கவில்லை, ஏன் கேட்கவில்லை? நாமாகத்தானே விட்டோம் என்று அவர்களும் எங்கேயோ தலையைக் குனிந்துகொண்டுதான் இருக்கிறார்களா? நடைபாதையில் செருப்புச் சத்தம், ஓடி வருகிற சத்தம், ஒருத்தி மட்டும். மர ஸ்கேலை மறந்துவிட்டாள். மேசையில் என் கைக்குப் பக்கத்தில் கிடந்தது... இல்லை, இப்போது கைக்குப் பக்கத்தில் இல்லை, மேசையின் கதவோர மூலையில் இருக்கிறது, வாசலில் நின்றபடியே எட்டி எடுத்துக்கொள்ளலாம், உள்ளே வரவே வேண்டியதில்லை, சத்தம் கேட்டதும் நான்தான் அதை அங்கே தள்ளி வைத்திருக்கிறேன்.