அம்மா பெயரில் இலவசம்

கல்யாண வீட்டுப் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் முத்துலட்சுமி டீச்சர் ரிஸ்வானாவின் தோளைப் பிடித்து நிறுத்தினார். பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தமிழ் எடுத்தவர்.

"ஜீப்புல போற பொம்பளைகளப் பத்தி எழுதியிருக்கியே, ரெண்டு எடத்துல அழுதுட்டேன்டி."

ரிஸ்வானாவுக்குத் தலைகால் புரியவில்லை. உத்தமபாளையத்தில் தன் எழுத்தைப் படித்து அழ ஓர் ஆள் இருக்கிறாரே! ஜீப்பில் கம்பமெட்டு மலை ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களின் கதை அது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அடுப்பில் குழம்பு கொதிக்கிற நேரத்திலெல்லாம் மூன்று வருடமாக எழுதிய நாவல். மின்னூலாக மட்டுமே வந்திருந்தது. அது ஓரளவு விற்றால்தான் அச்சில் போடுவேன் என்று மதுரைப் பதிப்பாளர் கறாராகச் சொல்லியிருந்தார். விற்பனையோ கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

"எங்க வாங்குனீங்க டீச்சர்?"

"வாங்கவா? உங்க தெருக் குரூப்புல உங்கத்தா போட்டாகளாம், எனக்கு யாரோ அனுப்புனாக. ஊரே படிக்குதுடி!"

டீச்சர் போனைத் திறந்து காட்டினார். முதல் பக்கத்தைப் பார்த்ததும் ரிஸ்வானாவுக்கு ரத்தம் கொதித்தது. பச்சைப் பூ பார்டருக்குள், 'மர்ஹூமா மதீனா பீவி அவர்களின் மறுமை நன்மைக்காகக் குடும்பத்தார் வழங்கும் இலவச வெளியீடு' என்று இருந்தது. மதீனா பீவி அவளுடைய அம்மா. இறந்தவர் பெயரில் யாசீன் ஓதும் கிதாபு அச்சடித்து ஊருக்குக் கொடுப்பார்களே, அச்சு அசல் அதே மாதிரி. அவளுடைய அட்டையைக் காணவில்லை. எழுதியவள் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

நேரே அத்தா வீட்டுக்கு நடந்தாள். அவளைப் பெற்ற இத்ரீஸ் ராவுத்தர் மின்விசிறிக்கடியில் சாய்ந்திருந்தார். ஏலக்காய் வியாபாரி, எடையில் ஒரு காய் கூடுதலாகப் போனாலும் தூக்கம் வராத மனிதர்.

"என் புத்தகத்த யாரக் கேட்டு ஊருக்குக் குடுத்தீக அத்தா?"

"யாரக் கேக்கணும்? மொத ஆளா காசு போட்டு வாங்குனவனே நான்தான். என்னமோ பூட்டுப் போட்டிருந்துச்சு, மொபைல் கடை நௌஷாத் கழட்டிக் குடுத்தான். உங்கம்மாவுக்கு நன்மை சேரும்ல ஆத்தா!"

"ஒண்ணு வாங்குனா அது ஒங்களுக்கு மட்டுந்தான். ஊருக்கெல்லாம் நகல் எடுத்துக் குடுத்தா அதுக்குப் பேரு திருட்டு. சட்டமே அதைத் தப்புங்குது."

"பெத்த தகப்பன்ட்ட சட்டம் பேசுறியா? நான் எடுத்துக் குடுத்ததுல உன் புத்தகம் கொறஞ்சா போச்சு? இருந்த எடத்துலயேதான இருக்கு!"

"புத்தகம் இருக்கு. வாங்குற ஆளத்தான் காணோம். ஒங்க குடோன்ல ஒரு மூட்டையத் தூக்கி, அம்மா பேருல நான் ஊருக்குக் குடுக்கட்டா?"

"அது சரக்குடி."

அப்படியானால் தன் மூன்று வருடம் என்ன, குப்பையா? அம்மா பெயரைச் சொல்லித் தன் வாயை அடைக்கிறாரே என்பதுதான் இன்னும் எரிந்தது. அம்மாவுக்கு நன்மை சேர வேண்டாம் என்று எந்த மகள் சொல்வாள்? கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதைதான். இங்கே உடைபட்டது பெற்ற மகளின் தேங்காய்.

இனி இவரிடம் பேசிப் பயனில்லை என்று அங்கேயே நின்று, பல நாளாகத் திறந்தே பார்க்காத தெருக் குரூப்பில் எழுதினாள்: 'இது என் உழைப்பு. என்னைக் கேட்காமல் நகலெடுத்திருக்கிறார்கள். நகலை அழித்துவிட்டு, தயவுசெய்து விலைக்கு வாங்கிப் படியுங்கள். விற்றால்தான் அச்சில் வரும்.' வாங்குவதற்கான லிங்கையும் கீழே போட்டாள்.

அத்தாவின் போன் சிணுங்கியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். எதையோ அழுத்தினார். ரிஸ்வானா எழுதியது மறைந்து, அட்மின் நீக்கிவிட்டார் என்ற வரி மட்டும் அவள் போனில் நின்றது. அதற்கு மேலே நாவல் அப்படியே இருந்தது.

"என்னத்தா பண்ணீக?"

"கோவிக்காத. இது பள்ளிவாசல் தெருக் குரூப்பு. வியாபார விளம்பரம் போடக்கூடாதுன்னு ரூல் வச்சதே நான்தான? ஊருக்கு ஒரு நியாயம், என் மகளுக்கு ஒரு நியாயமா?"