கேப்டனை வைத்துக்கொள்ளலாமா

தீபாவளிக்கு மறுநாள் சுங்கை பூலோவுக்குப் புறப்படுகிற நேரத்தில், என் வீட்டுக்காரர் செபாஸ்டியன் கிள்ளான் ஹார்பர் பாஸ்கெட்பால் டீமின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஹாலில் வந்து நின்றார். முதுகில் கேப்டன் சிவநேசன் பெயர். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. எங்கள் மகள் சமந்தாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிற பையனின் வீட்டுக்கு முதல் தடவையாகப் போகிறோம். பையனின் அப்பா முத்துக்கருப்பன்தான் அந்த டீமுக்குப் போன வருடம் வந்த மேனேஜர். அவர் கழற்றிவிட யோசிக்கிற ஆளின் பெயரை முதுகில் சுமந்துகொண்டு அவர் வீட்டிலேயே போய்ச் சாப்பிட உட்கார்வார்களா?

"கழட்டுங்க அத," என்றேன்.

"ஓப்பன் ஹவுஸ்தானே லா லூசி. யாரு வேணா வரலாம், எப்படி வேணா வரலாம்."

எப்படி வேண்டுமானாலும் வரலாமாம்! ஓப்பன் ஹவுஸ் என்பதில் நம் ஆட்களுக்கு ஒரு வசதி உண்டு. சம்பந்தம் பேசப் போகிறோம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளிக்குக் கூப்பிட்டார்கள், போனோம், சாப்பிட்டோம். பிடித்திருந்தால் பேச்சு தொடரும். பிடிக்கவில்லை என்றால் பிரியாணி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் கௌரவமாக ஒதுங்கிக்கொள்ளலாம். அவர்கள் தலைமுறை தலைமுறையாக வட்டிக்கடையும் வியாபாரமும் பார்த்த செட்டியார் குடும்பம். நாங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர்கள். பையன் வைரவனும் சமந்தாவும் பெட்டாலிங் ஜெயாவில் ஒரே ஆபீஸில் வேலை செய்கிறார்கள். பையனின் அம்மா இந்திரா முதலில் முடியவே முடியாது என்றிருக்கிறார். அப்பாதான், "முதல்ல வந்து சாப்பிட்டுப் போகட்டும், மனுசங்களப் பாப்போம்" என்று சொல்லி இந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தார். அந்தக் கதவு சாத்திக்கொண்டால் மறுபடி திறக்காது என்று சமந்தா எங்களிடம் அழாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

என் வீட்டுக்காரருக்கோ பாஸ்கெட்பால் பைத்தியம். சும்மா சொல்லவில்லை, உண்மையான பைத்தியம். சீனப் பையன்கள் நிறைந்த விளையாட்டில் நம்ம பையன் ஒருவன் கேப்டன் ஆகிவிட்டான் என்று தொடங்கியது. பிறகு ஹார்பர் எங்கே ஆடினாலும் இவர் அங்கே. மேட்ச் முடிந்ததும் ரசிகர்கள் எல்லாரும் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடை ஒன்றில் கூடி, தேத்தாரே டீ ஆறிப் போகும்வரை டீமை அலசுவார்கள். இரண்டு சீசனாக ஹார்பர் கடைசி இடம். புது மேனேஜர் வந்ததும் கோச்சை மாற்றினார், பழைய ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக அனுப்பினார், பள்ளிக்கூட லீக்கிலிருந்து சின்னப் பையன்களைக் கொண்டுவந்தார். ரீபில்ட் என்று அதற்குப் பெயர். ஓய்வு பெற்ற வாத்தியார் கார்த்திகேசு, "இப்ப வெட்டினாத்தான் அப்புறம் துளிர்க்கும்" என்பார். எங்கள் வீட்டுக்காரர் மேசையைத் தட்டி, "தூணப் புடுங்கிட்டு வீடு கட்டுவீங்களா வாத்தியாரே? பசங்களுக்குப் பந்த எங்க போடணும்னு சொல்லிக் குடுக்க ஒரு ஆளு வேணாமா?" என்று கத்துவார். கடையில் கத்தியது போதாதென்று வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் வேறு. குளித்துக்கொண்டே அனுப்புவார். சிவநேசனைத் தொட்டால் ஸ்டேடியத்தில் ஒரு ரசிகன் இருக்கமாட்டான் என்று அவர் போட்ட மெசேஜ் ஊரெல்லாம் சுற்றியது.

சிவநேசன் வீட்டுக்கே ஒருமுறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். முட்டியில் ஐஸ் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அந்தப் பிள்ளை. டாக்டர் சரியாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டார், ஆனால் மாடி இறங்கும்போது இன்னும் குத்துகிறது, இன்னும் ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டால் போதும் என்றார். "வெளிய சொல்லிடாதீங்க அங்கிள்," என்றார். இவர் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்க இருக்கோம் தம்பி, நீ ஆடு" என்றார்.

அன்றைக்கு இவர் ஜெர்சியைக் கழற்றிச் சட்டை மாற்றும்போது சமந்தா வந்து, "டாடி, ப்ளீஸ். அங்க பாஸ்கெட்பால் மட்டும் பேசாதீங்க," என்று கெஞ்சினாள். சரி சரி என்று தலையாட்டினார். எனக்கு அது போதவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவள் வெளியே போனதும் அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்: "பேசித்தான் ஆகணும்னு வந்தா, அவரு சொல்றதுக்கு ஆமா போடுங்க. உங்க டீம் இந்த வருசம் தோத்தா அடுத்த வருசம் ஜெயிக்கும். நம்ம பொண்ணுக்கு அப்படி இல்ல." அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த வீட்டு வாசலில் செருப்புகள் கால் வைக்க இடமில்லாமல் கிடந்தன. கூடாரத்துக்குக் கீழே ஆட்டிறைச்சிப் பிரட்டல், பிரியாணி, சீனப் பையன்களுக்கு மீஹூன் நூடுல்ஸ். ஹார்பர் ஆட்டக்காரர்கள் கூடாரத்தில் தலை இடிக்காமல் குனிந்து வந்து போனார்கள். இந்திரா என்னைப் பார்த்து, "வாங்க" என்று மட்டும் சொன்னார். என் சேலையையும் கழுத்தில் கிடந்த சிலுவையையும் ஒரு பார்வையில் அளந்துவிட்டார். பரவாயில்லை, நானும் அளந்துகொண்டுதான் இருந்தேன். எங்களை உள்ளே பெரிய மேசையில் உட்கார வைத்தார்கள். எதிரில் யார் என்றால், கார்த்திகேசு வாத்தியார். மாதாவே, போச்சு என்று நினைத்தேன்.

"செபா! மேனேஜர் வீட்டுலயே வந்து போர்க்கொடி தூக்கப் போறியா?" என்று வாத்தியார் சிரித்தார். இவர் கோழிக்காலைக் கடித்துக்கொண்டு, "நல்ல நாளும் அதுவுமா விடுங்க வாத்தியாரே," என்றார். வாத்தியாருக்கு ஆச்சரியம். வாத்தியார் விடுகிற ஆளா? ரீபில்ட் சரிதான், இல்லை என்று சொல் பார்ப்போம் என்று சீண்டிக்கொண்டே இருந்தார். இவர் காது சிவந்தது. அப்போதுதான் முத்துக்கருப்பன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"செபாஸ்டியன் சார், நல்ல வேளை வந்தீங்க," என்றார். "அடுத்த வாரம் கமிட்டி. கேப்டன இன்னொரு சீசன் வச்சுக்கலாமா வேணாமான்னு அதுலதான் முடிவு. பாதிப் பேரு வேணும்ங்கிறாங்க, பாதிப் பேரு வேணாம்ங்கிறாங்க. நானும் ரெண்டு மனசாத்தான் இருக்கேன். ரசிகர்கள்ல உங்க அளவுக்குப் பாத்தவங்க யாரு இருக்கா? நீங்க சொல்லுங்க."

அவர் கேட்ட விதத்தில் சூது எதுவும் இல்லை. இது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது, நம்மைச் சோதிக்கிறார் என்று மட்டும்தான் என் புத்திக்குத் தோன்றியது. இவர் வாயைத் திறந்தார். எனக்குப் பயம், அந்தத் தூண் வசனத்தை எடுத்துவிடப் போகிறார் என்று. மேசைக்கு அடியில் அவர் காலைத் தேடி ஒரே மிதி மிதித்தேன்.

"நல்ல ஆட்டக்காரன்தாங்க," என்றார். "இல்லேன்னு சொல்லல. ஆனா ரீபில்ட்னு வந்துட்டா பாவம் பாக்க முடியாது. பசங்களுக்கு வழி விடணும்."

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். பொய் சொல்லிப் பழகாத மனிதர் இல்லையா, பொய்க்கு முட்டுக் கொடுக்க உண்மையைத் தேடினார். "ஸ்பீடு போச்சுங்க. அந்த முட்டி வேற இன்னும் சரியாகல. மாடி எறங்கவே கஷ்டப்படுறாப்ல. எனக்கே தெரியும்."

முத்துக்கருப்பன் நிமிர்ந்தார். "அப்படியா? டாக்டர் சரின்னுதானே எழுதியிருக்காரு?" வாத்தியார் கையில் எடுத்த முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அந்தக் கிழவர் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, எங்களுக்குப் பின்னால் பார்த்தார். நான் திரும்பினேன். வாசல்படியில் தட்டும் கையுமாகச் சிவநேசன் நின்றுகொண்டிருந்தார். கழற்றிவிடப் போகிற மேனேஜர் வீடு என்றாலும், கூப்பிட்ட தீபாவளிக்கு வராமல் இருக்க அவர் அப்படிப்பட்ட பிள்ளை இல்லை.

"ஹேப்பி தீபாவளி அங்கிள், ஆன்டி," என்றார். இந்திராவிடம் பிரட்டல் நன்றாக இருப்பதாகச் சொன்னார். பிறகு மெதுவாகப் படி இறங்கிக் கூடாரத்துக்குப் போனார்.

"சரி, நீங்களே சொல்லிட்டா எனக்கு வேல சுலபம்," என்று எழுந்தார் முத்துக்கருப்பன். ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. "உங்க வாய்ஸ் மெசேஜ் எல்லாம் நானும் கேட்டிருக்கேன் சார். நேருல நல்லா ஒரு சண்ட போடலாம்னுதான் பக்கத்துல வந்து உக்காந்தேன். நீங்க ஜெயிச்சிருவீங்கன்னுகூட நெனச்சேன்," என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த மனிதர் கதவைத் திறந்து வைத்தது ஆமாம் போடுகிறவர்களுக்காக இல்லை. நான்தான் அவரை அப்படி நினைத்தேன். தன் வாயால் சொன்னவர் என் வீட்டுக்காரர், சொல்ல வைத்தது என் கால்.

வேடிக்கை என்னவென்றால், காரியம் நடந்துவிட்டது. அடுப்படியில் இந்திரா என் கையில் பலகாரப் பையைத் திணித்து, "ஒங்க வீட்டுக்காரரு ரொம்ப அடக்கமான மனுசரா இருக்காரு. அடுத்த மாசம் நாங்க கிள்ளானுக்கு ஒங்க வீட்டுக்கு வரோம்," என்றார். நான் எத்தனை மாதமாக ஜெபமாலை உருட்டிக் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தை! பல்லைக் காட்டி நன்றி சொன்னேன். மனசுக்குள் ஒரு சந்தோஷமும் எழவில்லை.

வாசலில் செருப்பைத் தேடும்போது சமந்தா வந்தாள். மேசையில் பரிமாறிக்கொண்டிருந்த வைரவன் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். முகம் வெளுத்திருந்தது. "பாஸ்கெட்பால் பேசாதீங்கன்னுதானே சொன்னேன் டாடி. இப்படிப் பேசவா சொன்னேன்?" என்றாள். இவர் குனிந்து அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதுதான் இது என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் வைரவனோடு பிறகு வருவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

எங்கள் பழைய சாகா காரை மறித்து ஒரு வெள்ளைக் கார் டபுள் பார்க்கிங்கில் நின்றது. கூடாரத்தில் யாரோ நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சாப்பிட்ட கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் ஓடி வந்தவர் சிவநேசன். "சாரி அங்கிள், சாரி," என்று தன் காரைத் தள்ளி நிறுத்திவிட்டு இறங்கி, சாலையை இருபக்கமும் பார்த்து, "வாங்க, வாங்க, கிளியர்" என்று கையைக் காட்டினார்.

இவர் சாவியைப் போடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்னங்க," என்றேன். கண்ணீர் மூக்கு நுனியில் நின்றது, துடைக்கவில்லை. இறங்கி அந்தப் பிள்ளையிடம் ஏதாவது சொல்லுங்கள் என்று சொல்ல நினைத்தேன். என்ன சொல்வது என்று எனக்கே தெரியவில்லை.

சிவநேசன் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கக் கண்ணாடியில் வந்து தட்டினார். இறக்கினேன்.

"ஸ்டார்ட் ஆகலயா ஆன்டி? பேட்டரியா இருக்கும். அங்கிள், ரெண்டாவது கியர்ல போடுங்க, நான் தள்ளுறேன்."

"வேணாம் தம்பி," என்றேன். அதற்குள் அவர் பின்னால் போய்விட்டார். கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு உள்ளங்கைகளையும் காரின் பின்பக்க மூடியில் பதித்து, வலிக்கிற காலைப் பின்னால் ஊன்றி, தலையைக் குனிந்து தள்ளத் தொடங்கினார். ஹேண்ட்பிரேக் போட்டிருந்தது. கார் அசையவில்லை.

"பிரேக்க விடுங்க அங்கிள்!" என்று கத்திவிட்டு, இன்னும் பலமாகத் தள்ளினார்.