விடும்போது வலிக்கும் பல்

ஜெசிந்தாவுக்குப் புரியாத சங்கதி அதுதான். வறுத்த மல்லாட்டைக் கடலையைக் கடிக்கும்போது பல் வலிக்கவில்லை. கடித்ததை விடும்போதுதான் சுரீரென்று காதுவரை இழுத்தது. சொத்தை இல்லை, வீக்கமும் இல்லை. கோலியனூரில் யாரிடம் சொன்னாலும் சிரித்தார்கள். விழுப்புரத்தில் காட்டியபோது பிடுங்கிவிடலாம் என்றார்கள். அவள் எழுந்து வந்துவிட்டாள்.

"ஒரு பல்லுக்கு இம்மாம் பிடிவாதமா? பேஜாரா கீதும்மா உன்னோட" என்றாள் மகள் ஆரோக்கியசெல்வி.

"போனதெல்லாம் போதும்டி. இதையாவது வுட்டு வை."

அதனால்தான் மகள் வேலை பார்க்கும் திண்டிவனத்துக்கு வந்தார்கள். டாக்டர் பிரபாவதி ஒரு சின்னக் கட்டையைப் பல்லின் ஒவ்வொரு முனையிலும் வைத்துக் கடித்து விடச் சொன்னார். ஓரிடத்தில் விட்டதும் ஜெசிந்தா துள்ளினாள்.

"பல்லுல மயிரிழை விரிசல்மா. கடிக்கும்போது லேசா விரியுது, விட்டதும் பட்டுனு சேருது. அந்த அதிர்ச்சிதான் நரம்புல முட்டுது. நல்லவேளை, வேருக்குப் போகல. பிடுங்க வேணாம். உள்ள கெட்டுப்போன நரம்ப எடுத்து, சுத்தம் பண்ணி அடைச்சிட்டு, மேல கேப் போட்டா, வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போட்டாப்புல இறுக்கிப் பிடிச்சுக்கும்."

பிறகு விளக்கைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ஆனா இது மல்லாட்டையால வந்தது இல்ல. கடவாப் பல்லு அத்தனையும் தட்டையா தேய்ஞ்சிருக்கு. எத இப்படிக் கடிச்சிட்டே இருக்கீங்க?"

"அண்ணன் போனதுலேர்ந்துங்க" என்றாள் ஆரோக்கியசெல்வி மெதுவாக.

மகன் அலெக்ஸின் சவப்பெட்டியை வீட்டுக்குள் இறக்கியபோது மருமகள் செண்பகம் நிறைமாதம். அவள் காதில் ஒப்பாரி விழுந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று தெருப் பெண்கள் சொன்னார்கள். ஜெசிந்தா முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக் கடித்துக்கொண்டாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது, இப்போது வீடு முழுக்க ஓடுகிறது. முந்தானை எப்போதோ இடுப்புக்குப் போய்விட்டது. கடி மட்டும் தாடையிலேயே தங்கிவிட்டது, அவளுக்கே தெரியாமல்.

அன்றைக்கே நரம்பை எடுத்து மருந்து வைத்தார் டாக்டர். "தூங்கும்போது பல்லுல போட்டுக்க உறை செஞ்சு தர்றேன். பகல்ல நீங்கதான் பாத்துக்கணும். இப்படியே கடிச்சா கேப்பும் உடையும், பக்கத்துப் பல்லும் உடையும்." நாக்கையும் தாடையையும் எப்படி வைத்துக்கொள்வது என்று தன் வாயாலேயே செய்து காட்டினார். ஜெசிந்தா தலையாட்டினாள். இதில் என்ன கஷ்டம் என்றுதான் தோன்றியது.

விழுப்புரம் பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டியது. விபத்தன்று அலெக்ஸின் பைக் கிடந்த இடம். ஜெசிந்தா மரத்துப்போயிருந்த கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். தாடை கல்லாக இறுகியிருந்தது. டாக்டர் காட்டியது நினைவுக்கு வர, நாக்கை அதேபோல வைத்தாள். தாடை இறங்கியது. அழுகை முட்டியது. முந்தானைக்குப் போன கை பாதியிலேயே நின்றது. தோள்கள் குலுங்கின.

"வலிக்குதாம்மா?" என்று மகள் பதறினாள். முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜெசிந்தா இல்லையென்று தலையசைத்தாள். கண்ணீர் கழுத்துவரை இறங்கியது. அவள் துடைக்கவில்லை. நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால். உதடு மூடியபடி. பல்லோடு பல் படாமல்.