சைலன்சருக்கு வலை

2007 தை மாதம், விஸ்வநத்தத்தில் தனுஷ்கோடியின் பட்டாசுக் கம்பெனி ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் புகை விட்டது. காலண்டர் எரியவில்லை. அதில் அச்சாகியிருந்த சிவப்பு இத்தாலிக் கார் ஸ்டார்ட் ஆகியிருந்தது, அவ்வளவுதான்.

அச்சடித்தவர் சிவகாசி சம்சு. போன ஆடிப்பெருக்கன்று, புது வருஷக் காலண்டருக்கான மாதிரி ஆல்பம் புரட்டும்போது தனுஷ்கோடி இத்தாலி வண்டியில் விரல் வைத்தார். மகன் ஸ்ரீராம்குமார் ஜெர்மனியின் வெள்ளி நிற வண்டியில் வைத்தான். இரண்டு பேரும் இரண்டையும் நேரில் பார்த்ததில்லை. இத்தாலிக்கு முறுக்கு அதிகம் என்றார் அப்பா. ஜெர்மனிக்கு ஒழுக்கம் அதிகம் என்றான் மகன். அத்தோடு பேச்சு நின்று, வீட்டில் ஆளுக்கொரு சாம்பார் கொதித்தது. சம்சு பாதிக் காலண்டர்களில் இத்தாலியையும் மீதியில் ஜெர்மனியையும் அடித்துக்கொடுத்தார். ஆபீஸ் சுவரில் இரண்டிலும் ஒவ்வொன்று பக்கம் பக்கமாகத் தொங்கின.

சைலன்சரில் வலை மாட்டாத வண்டி பட்டாசுக் கம்பெனி கேட்டைத் தாண்டக் கூடாது என்று கேட்டிலேயே போர்டு உண்டு. ஒரு பொறி போதும். காலண்டர் தொங்கிய சுவருக்குப் பின்னால்தான் வெடிமருந்து ரூம். வேனில் வந்திறங்கிய பெண்கள் கேட்டுக்கு வெளியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஆள் அனுப்பி சம்சுவை வரவழைத்தார்கள்.

“நீங்க அச்சடிச்ச வண்டி பாய். நீங்களே போயி அமத்துங்க” என்றாள் திரி வைக்கும் வள்ளித்தாய்.

“சாவி இல்லியேம்மா.”

“சாவி இல்லாமலா வண்டி அச்சடிச்சீக?”

ஜெர்மன் காலண்டரில் வெறும் ரோடுதான் இருந்தது. தேடியதில், கேட்டுக்கு வெளியே இருந்த வாட்ச்மேன் ரூமில், பழைய குற்றாலக் காலண்டரில், அருவிக்கு ஓரமாக வெள்ளி வண்டி நின்றது. இன்ஜின் ஆஃப். கண்ணாடியில் சாரல்.

“பாத்தீகளாப்பா, போர்டு படிச்சிருக்கு” என்றான் ஸ்ரீராம்குமார். மாதக்கணக்கில் மூடியிருந்த வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது.

சம்சு செருப்பைக் கழற்றினார். உரசினால் பொறி பறக்கும் இரும்பு உள்ளே ஆகாது என்பதால் பிரஷ்ஷும் கறுப்பு மையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனார். சுவர் தோசைக்கல்லாகச் சுட்டது. தேதித் தாள்கள் சுருண்டிருந்தன. படத்தில் வண்டியின் முகம்தான் தெரிந்தது, சைலன்சரோ பின்னால். வேறு வழி தோன்றாமல் காலண்டரைக் கழற்றித் திருப்பினார். அவர் வெறும் அட்டையாக விட்ட பின்பக்கத்தில் வண்டியின் முதுகு இருந்தது, இரண்டு குழாயும் பழுத்துச் சிவந்து. சம்சு காலண்டரைத் தரையில் வைத்து உட்கார்ந்தார். குழாய் வாயில் குறுக்கும் நெடுக்குமாக வலை வரைந்தார். கடைசிக் கம்பி இழுக்கும்போது உள்ளிருந்து ஒரு பொறி வந்தது, வலையில் முட்டியது, அணைந்தது.

பெண்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். வண்டி பிறகும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வலை இருந்ததால் யாரும் அதை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆடியிலிருந்து சம்சு கார் காலண்டர்களை வலையோடு இரண்டு பக்கமும் அச்சடித்தார். எந்த வண்டி உசத்தி என்பது மட்டும் அப்பாவுக்கும் மகனுக்கும் முடிவாகவில்லை.

வேன் வராத ஒரு சாயங்காலம் பெண்கள் ஆபீஸ் வாசலில் காத்திருந்தார்கள். உள்ளே சிவப்பு வண்டி உறுமியது.

“ஏத்தா, அதுல போயிருவமா?” என்றாள் ஒருத்தி.

வள்ளித்தாய் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கேட் பக்கம் போய் வெள்ளி வண்டியையும் பார்த்துவிட்டு வந்தாள்.

“ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டு பேருக்கு மேல உக்கார முடியாது” என்று சொல்லிவிட்டு, வேன் வரும் திசையைப் பார்த்து நின்றாள்.