காலியாய்க் கிடந்த மூன்று மாதம்

வீட்டில் இரண்டு வாளி. நீல வாளி எல்லாத் துணிக்கும். சிவப்பு வாளி அவனுடைய வேலைச் சட்டைக்கு மட்டும். மகள் போய் ஒரு வருஷம் ஆகிறது. சிவப்பு வாளி வந்தும் அதே ஒரு வருஷம்தான்.

அவன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். மகளுக்கு வந்தது ரத்தப் புற்றுநோய், ஆறு வயதில். எல்லாம் முடிந்த வாரமே பத்திரிகையில் ஒரு செய்தி: எக்ஸ்ரே வேலைக்காரர்களின் பிள்ளைகளுக்கு இந்த நோய் இரண்டு மடங்கு வருகிறதாம். அவன் மனைவி அதைக் கத்தரித்து பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. வாளியைத்தான் பிரித்தாள்.

அதனால் மச்சான், அவளுடைய தம்பி, வந்து உட்கார்ந்தபோது அவனுக்குப் போன உயிர் திரும்பிய மாதிரி இருந்தது. மச்சானுக்குப் புள்ளிவிவர ஆபீஸில் வேலை. அந்தச் செய்திக்குப் பின்னாலிருந்த ஆய்வையே தேடிப் படித்துவிட்டு வந்திருந்தான்.

“ரெண்டு மடங்குன்னா எத்தனை தெரியுமாக்கா? நாலு பிள்ளைங்க. சாதாரணமாவே ரெண்டு பேருக்கு வந்திருக்கும். நாலே நாலு! எங்க ஆபீஸ் மாடியில பதினோரு பேர், மூணு பேருக்கு வழுக்கை. மாடிப்படிதான் காரணம்னு எழுதிடலாமா?”

“உன்னையும் சேர்த்தா நாலு, மச்சான்,” என்றான் அவன். ஒரு வருஷத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் கேலி. அவள் சிரிக்கவில்லை.

“இவர் மேல எவ்வளவு பட்டுச்சுன்னு பாருடா.”

அவன் ஃபைலைக் கொண்டுவந்தான். வேலை நேரத்தில் சட்டையில் மாட்டும் பேட்ஜ், உடம்பில் பட்ட கதிரை அளந்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒரு கணக்கு.

“எல்லாமே ரொம்பக் கம்மி, மாமா. இந்த மூணு மாசம் மட்டும் ஏன் காலியா இருக்கு?”

மகள் வயிற்றில் உண்டாவதற்கு முந்தைய மூன்று மாதம். அவன் தரையைப் பார்த்தான்.

“பேட்ஜ் தொலைஞ்சுபோச்சு.”

“தொலையல,” என்றாள் அவள். “சட்டைப் பையில இருந்துச்சு. நான்தான் பாக்காம துவைச்சுட்டேன். பிழியும்போதுதான் தெரிஞ்சுது. சத்தம் போடாம பையிலயே வச்சுட்டேன். இவரும் என்னைக் கேக்கல, தொலைஞ்சதாச் சொல்லிட்டார்.” தம்பியிடம் திரும்பினாள். “அது கெடாம இருந்திருந்தா உண்மை தெரிஞ்சிருக்கும்ல?”

“தெரிஞ்சிருக்காதுக்கா. மாமாதான் காரணம்னும் அது சொல்லாது, இல்லைன்னும் சொல்லாது. இந்த நாலு பேரை வச்சும் யாராலயும் சொல்ல முடியாது.”

“அப்ப சும்மாவே போயிட்டாளா என் புள்ள?”

பழி தன்மேல் இல்லை என்று யாராவது சொல்லும் இந்த நாளுக்காகத்தான் அவன் ஒரு வருஷமாகக் காத்திருந்தான். இப்போது அவள் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியவில்லை.

“என்னாலதான்னு வச்சுக்கோ,” என்றான். “என் மேலயே இருந்துட்டுப் போகட்டும்.”

“உங்க மேல வச்சு நான் என்ன பண்ணப்போறேன்?”

எழுந்து குளியலறைக்குள் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அவன் எட்டிப் பார்த்தான். இரண்டு வாளியும் ஓரமாகக் கிடந்தன. அவனுடைய வேலைச் சட்டையை மடியில் போட்டு, பைக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. மறுபடியும் கையை விட்டுப் பார்த்தாள்.